கேக்குது அண்ணன்

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டிலும் மின்கட்டண ரசீதிலும் அது இருக்கிறது. ஆனால் அந்த இசைக்கூடத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர்கூட உதட்டைப் பிதுக்குவார். "கேக்குது அண்ணன் இருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள். கையோடு கூட்டிக்கொண்டு போய், கூடத்தின் பின்பக்கம் தூணை ஒட்டி, ஒரு மேஜை நிறையக் குமிழும் பொத்தானுமாக உட்கார்ந்திருக்கும் ஒல்லியான ஆளிடம் விட்டுவிடுவார்.

அந்த மேஜைக்கு மிக்சர் என்று பெயர். மேடையில் பாடுகிறவர் குரல், கிதார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் தனித்தனி வயராக அங்கே வந்து சேரும். எதை ஏற்றுவது, எதை இறக்குவது, எதை எதோடு ஒட்டுவது என்று பார்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் அண்ணன் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, அதே தூண், அதே மர ஸ்டூல்.

கூடம் ஒன்றும் பிரமாதமில்லை. தெருவிலிருந்து பதினாறு படி இறங்க வேண்டும். முன்பு டைல்ஸ் கடையாக இருந்த இடம். கழிப்பறைச் சுவரில் இன்னும் முப்பது விதமான மாதிரி டைல்ஸ் ஒட்டியிருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. நூற்று இருபது நாற்காலி போட்டால் மூச்சு முட்டும். தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குப் பாடகர் பாதிதான் தெரிவார். "பாதி தெரிஞ்சா என்ன, முழுசாக் கேக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்பார் அண்ணன். அது உண்மைதான்.

பெயர் வந்த கதை சின்னது. நிகழ்ச்சிக்கு முன்னால் ஒவ்வொருவராக மைக்கைச் சோதிப்பார்கள். ஒரு பெண் உயிரைக் கொடுத்து நாலு வரி பாடிவிட்டு, "எப்படி இருக்கு அண்ணா?" என்பாள்.

"கேக்குது."

"இல்லண்ணா, நல்லா இருக்கா?"

"கேக்குதும்மா."

அவ்வளவுதான். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. பெரிய பெரிய பாடகர்கள் வந்து போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் அதே சொல், அதே தொனி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கூடத்தின் முதலாளியம்மாவே கேட்டுப் பார்த்துவிட்டாள்.

ஆனால் அவர் பிறவிக் கல்லுளிமங்கன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் நிறையப் பேசுகிற ஆளாகத்தான் இருந்தார். ஒருநாள் ஐந்து பேர் குழு ஒன்று வந்தது. கிதார் வாசித்தவன் விரலைக் கண்டு மயங்கி, "அடடா, பிரமாதம் தம்பி!" என்று சொல்லிவிட்டார். உடனே பாடகன் கேட்டான்: "அப்ப என் பாட்டு?" டிரம்ஸ்காரன் கேட்டான்: "எனக்கு மட்டும் சுண்ணாம்பா?" பேச்சுக்குப் பேச்சு வளர்ந்து, எந்தக் காலத்துப் பகையெல்லாமோ வெளியே வந்து, கடைசியில் பாடகன் ஒரு பக்கமும் கிதார் ஒரு பக்கமுமாகப் படியேறிப் போனார்கள். நூற்று இருபது பேர் நாற்காலியில் உட்கார்ந்து தூணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக ஆகிப்போனது. அன்றைக்குப் போட்ட வாய்ப்பூட்டு அது. நல்லது கெட்டது சொல்வது நம் வேலை இல்லை, கேட்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்வோம் என்று முடிவெடுத்தார்.

முடிவு கூடத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை அவர் வீட்டுக்கும் எடுத்துப் போனதுதான் வினை.

வீட்டில் அவர் மனைவி இருந்தாள். கூடத்தில் எல்லோரும் அவளை அண்ணி என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற வேலை. அண்ணி எந்நேரமும் பாடுவாள். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதுகூட. சில சமயம் பக்கத்து அறையைப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று குரல் கொடுப்பாள்.

"கேக்குது" என்று பதில் வரும்.

முதல் சில வருஷம் அவள் சிரித்தாள். அடுத்த சில வருஷம் கோபப்பட்டாள். அதற்கப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அப்படியே போயிருக்கும். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுப்போனதால் போகவில்லை. நாலு மாடிக் கட்டடம். 'லிஃப்ட் பழுது' என்று ஒரு அட்டையை மாட்டியவர்கள் ஏழு மாதம் அதைக் கழற்றவில்லை. நாலாம் மாடியிலிருந்து அண்ணி பாடிக்கொண்டே படியிறங்குவாள். மூன்றாம் மாடியில் நில அளவையாளன் ஒருவன் கிதார் வைத்திருந்தான். அவள் குரல் கேட்டதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். இரண்டாம் மாடியில் பல் மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி, சின்ன வயதில் டிரம்ஸ் படித்தவள். முதல் மாடியில் கணக்கு வாத்தியார். அவரிடம் கீபோர்டு இருந்தது, வாசிக்கத்தான் துணை இல்லை. லிஃப்ட் ஓடியிருந்தால் இந்த நாலு பேரும் ஆயுசுக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். லிஃப்ட் சரியாவதற்குள் நாலு பாட்டு தயாராகிவிட்டது. குழுவுக்குப் பெயரும் 'லிஃப்ட் பழுது' என்றே வைத்தார்கள். அந்த அட்டையை டிரம்ஸில் மாட்டினார்கள்.

பாட்டெல்லாம் அண்ணி எழுதியது. காதல் கண்ணீர் எல்லாம் கிடையாது. சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவனைப் பற்றி ஒரு பாட்டு. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் காய்கறிப் பையைப் பற்றி ஒரு பாட்டு. துள்ளலான மெட்டு, சிரிக்க வைக்கும் வரி, நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டு வருஷத்தில் சின்னச் சின்ன இடங்களில் பாடி, கொஞ்சம் பேர் தேடி வந்து கேட்கிற அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். இப்போது ஐந்து ஊரில் பாட அழைப்பு வந்திருந்தது. திங்கள்கிழமை காலைக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மற்ற மூவரும் தயார். அண்ணி மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் அவள் கேட்டாள்.

"என்னங்க, போகட்டுமா?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டத்தை நான் கேக்கல. உங்க காதைக் கேக்கறேன். ஊர்ல உள்ளவங்க பாட்டையெல்லாம் இருபது வருஷமாக் கேட்ட காதாச்சே. அது என் பாட்டைப் பத்தி என்னதான் சொல்லுது?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். பூட்டிப் பூட்டித் துருப்பிடித்த வாய், திறந்தபோது பழைய சொல்லைத்தான் போட்டது.

"கேக்குது" என்றார்.

அண்ணி அடுப்பை அணைத்தாள். "கண்ணாடிக் கடைக்கு வர்ற மூணாங்கிளாஸ் பையன்கூட இது தெளிவு, அது மங்கல்னு சொல்றான். சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை உங்க கூடத்துல பாடறோம்ல, அதோட நான் நிறுத்திக்கறேன். அஞ்சு ஊருக்கு அவங்க வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். அவள் நிதானமாகச் சொன்னாள். அன்று முழுக்க அவள் பாடவில்லை. சனிக்கிழமையும் பாடவில்லை. வீட்டில் குழாய் சொட்டுவது அவருக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது.

இனி அந்த மிக்சர் சங்கதிக்கு வர வேண்டும். பழைய மிக்சர் போன வாரம் உயிரை விட்டது. வியாழக்கிழமை புதியது வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைதான் அதில் முதல் நிகழ்ச்சி. இரண்டிலும் டாக்பேக் என்று ஒரு பொத்தான் உண்டு. மேடையில் இருப்பவர்கள் தங்கள் பாட்டு தங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் காதில் இயர்போன் மாட்டியிருப்பார்கள். மிக்சரில் ஒரு குட்டி மைக் நீட்டிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்திப் பேசினால் நம் பேச்சு அவர்கள் காதுக்கு மட்டும் போகும், கூடத்துக்குக் கேட்காது. பழைய மிக்சரில் விரலை எடுத்தால் மைக் அணைந்துவிடும். புதியதில் ஒரு தட்டு தட்டினால் மைக் திறக்கும், இன்னொரு தட்டு தட்டினால்தான் அணையும். மைக் திறந்திருக்கிறது என்று காட்ட மிளகு அளவில் ஒரு சிவப்பு விளக்கும் வைத்திருந்தார்கள்.

அண்ணன் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? எந்த வயர் எங்கே என்று பேனாவால் எழுதி, மிக்சர் நெடுகிலும் காகித டேப் ஒட்டினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். 'குரல்' என்று எழுதி அவர் ஒட்டிய துண்டு, அந்தச் சிவப்பு விளக்கின் மேலேயே உட்கார்ந்தது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறக்காத இந்த மனிதர், நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டால் வாயை மூட மாட்டார். ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காதபடி, குமிழோடும் குரலோடும் முணுமுணுவென்று பேசிக்கொண்டே இருப்பார். வருஷக்கணக்காக யாருக்கும் சொல்லாததையெல்லாம் அங்கேதான் கொட்டுவார். அப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பது அவருக்கே பாதிதான் தெரியும்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. நாற்காலி நிரம்பி, படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைக் சோதனையின்போது அண்ணன் மேடைக்கே நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். அண்ணி "கேக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

விளக்கு மங்கியதும் அண்ணன் டாக்பேக்கைத் தட்டி, "ஆரம்பிக்கலாம்" என்றார். விரலை எடுத்தார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

நர்ஸ் குச்சியால் நாலு எண்ணினாள். காய்கறிப் பைப் பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே அண்ணன் குனிந்துகொண்டார்.

"கிதாரு, கொஞ்சம் இறங்கு ராசா. அவ வர்றா, வழி விடு. ம்... வந்துட்டா. இப்ப மூச்சு எடுப்பா பாரு. எடுத்துட்டா. எங்க எடுத்தான்னே தெரியல, என்ன கெட்டிக்காரத்தனம்!"

மேடையில் அண்ணியின் குரல் ஒரு கணம் தடுமாறியது. அண்ணன் பதறிக் குமிழைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணக்கு வாத்தியார் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், அசரீரி கேட்டவர் மாதிரி.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் நில அளவையாளன் அண்ணனைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினான். அண்ணி சட்டென்று அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். அவன் ஏதோ சொல்ல, அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். டிரம்ஸ் பின்னால் நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

'காதைக் காட்டுகிறானே, இயர்போனில் சத்தம் பத்தவில்லை போல' என்று அண்ணன் நினைத்தார். நல்ல மனசோடு நாலு பேருக்கும் இயர்போன் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்தது சாவிப் பாட்டு. கூடமே தொடையில் தாளம் போட்டது. தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்தவர்கள் மீதிப் பாதிக்காக எழுந்து நின்றார்கள். அண்ணனுக்கு வாய் நிற்கவில்லை.

"நான் சாவி தொலைச்சதுல இவ்வளவு இருக்கா? நான் தேடினேன், திட்டினேன், மறந்துட்டேன். இவ அதை எடுத்துப் பாட்டாக்கிட்டா. பாவி மக, எப்படிச் சிரிக்க வைக்கிறா பாரு. எத்தனையோ பேரைக் கேட்டாச்சு. இவ்வளவு பக்கத்துல வந்து பாடற குரலை நான் கேட்டதே இல்ல. அதைச் சொல்லித் தொலைக்கத்தான் இந்த வாய்க்கு வரல. டிரம்ஸு, அடங்கு. அவ பேசறப்ப குறுக்கப் பேசாத."

அன்றைக்கு அண்ணி பாடிய மாதிரி அவள் எங்கும் பாடியதில்லை. இரண்டாவது பாட்டில் கண்ணை மூடினாள். மூன்றாவதில் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். நாலாவதில், வரிகளுக்கு நடுவே, தூண் இருந்த திசையைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். இதுதான் அவளுக்குக் கடைசி நிகழ்ச்சி என்று நினைத்து அண்ணன் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். அதில் 'இன்று லிஃப்ட் பழுது' என்று எழுதியிருந்தது. நாளைக்கு அதை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதுவார்கள்.

"கடைசிப் பாட்டு புதுசு. இன்னும் யாரும் கேட்டதில்ல" என்றாள் அண்ணி. "பேரு, பக்கத்து அறை."

அண்ணனும் கேட்டதில்லை. அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் எழுதியிருக்கிறாள். டிரம்ஸ் இல்லை, கிதார் இல்லை. கீபோர்டில் வாத்தியார் இரண்டு விரலால் மட்டும் வாசித்தார்.

*பக்கத்து அறையில வெளிச்சம் எரியுது,*
*பதிலு மட்டும் வரவே இல்ல.*
*இருக்கியா?*

அந்தச் சொல்லுக்குப் பிறகு இசை நின்றது. இரண்டு தாளத்துக்குச் சும்மா இடம் விட்டிருந்தாள். பிறகு அடுத்த அடி.

அண்ணன் கை குமிழ் மேல் அப்படியே நின்றது. யாரைப் பற்றிய பாட்டு என்று சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக நாமும் பக்கத்து அறையில்தான் இருந்தோம், விளக்கைப் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

*இருக்கியா?* என்று அவள் இரண்டாம் முறை கேட்டாள். இசை நின்றது.

"இருக்கேன்" என்றார் அண்ணன், குனிந்து, மிக்சரைப் பார்த்து.

இடைவெளி இரண்டு தாளம்தான். ஆனால் அவள் அடுத்த அடியை எடுக்கவில்லை. வாத்தியாரும் விரலைத் தூக்கியபடியே வைத்திருந்தார்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றார் அண்ணன், மூச்சோடு மூச்சாக. "எங்க போனேன்? நல்லா பாடறேன்னு சொன்னா குடி முழுகிடுமோன்னு பயந்த முட்டாளு நான். வீட்டுல நீ பாடறப்ப குழாயைத் திறந்தாக்கூட மெதுவாத்தான் திறப்பேன், உனக்குத் தெரியாது. ரெண்டு நாளா நீ பாடல. என்னால அந்த வீட்டுல இருக்க முடியல. நிறுத்திடாத. அஞ்சு ஊருக்கும் போ. பரண் மேல பெரிய பை இருக்கு, நானே இறக்கித் தர்றேன். போய்ப் பாடிட்டு வா."

அவள் பாட்டை எடுத்தாள். கடைசி நாலு வரி. குரல் கொஞ்சம் கரகரத்தது. அண்ணன் அதைச் சரிசெய்யப் போகவில்லை, அப்படியே விட்டார். கீபோர்டின் கடைசி ஒலி கரைந்து போகும் வரை கூடம் அசையாமல் இருந்தது. அப்புறம் எழுந்த கைதட்டலில் கழிப்பறை டைல்ஸ் இரண்டு பெயர்ந்து விழுந்ததாக முதலாளியம்மா பிற்பாடு சொன்னாள். அதை நாம் நம்ப வேண்டியதில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அண்ணி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நூற்று இருபது தலைகளையும் தாண்டித் தூணுக்குப் பக்கத்தில் இருந்த ஆளை நேராகப் பார்த்தாள்.

"கேக்குது" என்றாள்.

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. அண்ணனுக்கும் புரியவில்லை.

"முதல் பாட்டுலேருந்து கேக்குது" என்றாள் அவள். "நடுவுல யாரோ சத்தத்தை வேற கூட்டிவிட்டாங்க. ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சு. பரண் மேல இருக்கற பையை ராத்திரியே இறக்கி வைங்க. தூசி தட்டணும்."

அண்ணன் மெல்லத் தலையைக் குனிந்தார். 'குரல்' என்று எழுதிய டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அடியில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

என்னென்ன உளறினோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து காது சிவந்தது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. ஒரு தட்டு தட்டினால் அணைந்துவிடும். தட்டவில்லை. மைக்கிடம் குனிந்தார். இந்தத் தடவை தெரிந்தே பேசினார்.

"நல்லா பாடினே" என்றார்.

மேடையில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தூணுக்குப் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

நில அளவையாளன் சும்மா இருப்பானா? அவன் காதிலும் அதே இயர்போன்தானே. மைக்கை எட்டிப் பிடித்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டான்:

"அண்ணா, அப்ப நாங்க?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியில்தான் அவர் வாய் அடைத்துப் போனது. அண்ணன் அவனைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். இரண்டு விரலையும் கீபோர்டிலிருந்து இன்னும் எடுக்காமல் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவர்கள் நாலு பேருக்கு மட்டும் போய்ச் சேரும்படி சொன்னார்:

"கேக்குது."

மேடையில் நாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே கூடமும் சேர்ந்து சிரித்தது.